அறியாது செய்த பிழை

மனிதர் நாவில் நாள்தோறும் பயிலும் தொடர்களுள் ஒன்று, ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்பது. பிறர் காலை மிதித்தவரும் இதனைச் சொல்கின்றார்; பிறர் வாழ்வைக் கெடுத்தவரும் இதனையே சொல்கின்றார். வகுப்பறையில் ஆசிரியர் இதனை ஒரே நாளில் பலமுறை கேட்கின்றார். சொன்னவர் விடுதலை பெறுகின்றார். கேட்டவர் வாயடைத்துப் போகின்றார். அறிந்து செய்வதன்றோ குற்றம்? அறியாமல் நேர்ந்ததற்கு ஒருவரை எவ்வாறு நோவது?

இவ்வெண்ணம் சரிதானா? அறியாமை பிழையை நீக்குமா? அன்றி, அறியாமையே சில வேளைகளில் பிழையாகுமா? இவ்வினாவை நான் நூல்களின் நடுவே அமர்ந்து எண்ணத் தொடங்கவில்லை. கடலில், மார்பளவு நீரில் நின்றுகொண்டு எண்ணத் தொடங்கினேன். ஆகவே, நிகழ்ந்ததை முதலில் கூறிவிடுகின்றேன்.

2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதப் பள்ளி விடுமுறையில், நான், என் துணைவியார், பதின்மூன்று வயது மகள், பத்து வயது மகன் ஆகிய நால்வரும் லங்காவியிலிருந்து பாயார் தீவுக்குச் சென்றோம். மலாக்கா நீரிணையின் வடபகுதியில், லங்காவிக்குத் தெற்கே, கெடா மாநிலக் கடலில் உள்ளது அச்சிறு தீவு. லெம்பு, காச்சா, செகாந்தாங் என்னும் சிறு தீவுகளும் அதனோடு சேர்த்துக் கடற்பூங்காவாகக் காக்கப்படுகின்றன. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமும் அதன்கீழ் 1994ஆம் ஆண்டு பிறந்த ஆணையும், தீவைச் சூழ்ந்த இரண்டு கடல்மைல் நீர்ப்பரப்பைக் காப்பிடமாக்கியுள்ளன. அங்கே மீன் பிடித்தல் ஆகாது. பவளத்தை எடுத்தலும் உடைத்தலும் ஆகா. இரவு தங்க விடுதியும் இல்லை. காலையில் சென்றவர் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். துயிலும் உரிமைகூட இல்லாத விருந்தினராகவே அங்குச் செல்கின்றோம்.

படகு கரை சேர்ந்ததும், எங்களுடன் வந்த மலாய் இளைஞரான வழிகாட்டி, பயணிகளை மணலில் அமரச் செய்து பேசத் தொடங்கினார். முகக்கண்ணாடியை எப்படி அணிவது, மூச்சுக்குழாயை எப்படிக் கவ்வுவது, பவளம் எவ்விடத்தில் உள்ளது, கால் எங்கே படலாம், எங்கே படலாகாது என்பனவற்றை அவர் விளக்கினார். என் மக்கள் இருவரும் முன்வரிசையில் அமர்ந்தனர். நானோ சற்றுத் தொலைவில் நின்று கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ‘நீங்களும் வந்து கேளுங்கள்,’ என்றார் துணைவியார். ‘நீங்கள் கேட்டால் போதாதா?’ என்றேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறரை அமரச் செய்து பேசிப் பழகியவன் நான். மற்றொருவர் பேச, மாணவர்போல் மணலில் அமர என் மனம் இசையவில்லை. அப்போது அதனை நான் செருக்கென்று கருதவில்லை. படம் எடுப்பதில் ஆர்வம் என்றே கருதிக்கொண்டேன்.

மிதவைச் சட்டை அணிந்து நீரில் இறங்கினோம். முகத்தை நீரில் ஆழ்த்திய அக்கணம் கண்ட காட்சியை மறத்தல் இயலாது. மேலே வெறும் நீலப் பரப்பாகத் தோன்றிய கடலின் கீழே ஓர் ஊர் இருந்தது. மான்கொம்புபோல் கிளைத்தவை, மூளைபோல் மடிந்தவை, மேசைபோல் விரிந்தவை எனப் பவளங்கள் வகைவகையாய் நின்றன. அவற்றின் இடுக்குகளில் வரிமீன்கள் புகுவதும் வெளிவருவதுமாக இருந்தன. நான் என்னை மறந்தேன். கரையிலிருந்து எவ்வளவு தொலைவு வந்தேன் என்பதையும் மறந்தேன்.

திடீரென முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. உப்பு நீர் மூக்கில் ஏறியது. மூச்சுத் திணறியது. நீந்தத் தெரியாத எனக்கு மிதவைச் சட்டையின்மேல் நம்பிக்கை போயிற்று. கால்கள் தாமாகவே தரையைத் தேடின. தரை கிடைத்தது, நின்றேன். நின்றபோது, காலின் கீழே முறுக்கு நொறுங்குவது போன்றதோர் உணர்வு எழுந்தது. அது தரையன்று. நிலை தவறி மற்றொரு காலையும் ஊன்றினேன். அங்கும் நொறுங்கியது.

அருகில் மிதந்துகொண்டிருந்த மகள் தலையை உயர்த்தி, ‘அப்பா, பவளத்தின்மேல் நிற்கிறீர்கள்,’ என்றாள்.

‘தெரியாமல் நின்றுவிட்டேன், அம்மா,’ என்றேன்.

‘கண்ணாடியில் நீர் புகுந்தால் நிற்கக்கூடாது, மல்லாந்து மிதக்க வேண்டும் என்று அந்த அபாங் சொன்னாரே!’ என்றாள் அவள்.

அவள் குரலில் கண்டிப்பு இல்லை, வியப்பே இருந்தது. சொல்லப்பட்ட ஒன்று தன் தந்தைக்கு, அதிலும் ஆசிரியரான தந்தைக்கு, எவ்வாறு தெரியாமற்போகும் என்னும் வியப்பு அது.

என் காலடியில் நொறுங்கியது எது என்பதை நான் பின்னரே கற்றேன். பவளம் கல்லன்று, செடியுமன்று. அது கடற்சாமந்தி, சொறிமீன் ஆகியவற்றின் உறவான விலங்கு. மிகச் சிறிய உயிர்கள் எண்ணிறந்தன ஒன்றோடொன்று இணைந்து, தம் உடலினின்று சுண்ணாம்பைச் சுரந்து, தமக்கென வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் தசையினுள் நுண்பாசி குடியிருக்கின்றது. பாசி கதிரொளியைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகின்றது; பவளம் பாசிக்குப் புகலிடம் தருகின்றது. விரைந்து வளரும் கிளைப்பவளம் நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவு வளரும். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். என் மகனின் உயரமுள்ள ஓர் உருண்டைப் பவளம், அவன் பாட்டனாருக்கும் மூத்ததாக இருக்கக்கூடும். கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த இடத்தையே பவளத்திட்டுகள் கொண்டுள்ளன. எனினும், கடல்வாழ் உயிரினங்களுள் ஏறத்தாழக் கால் பங்கு, தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு பருவத்திலாவது அவற்றை நாடி வாழ்கின்றன.

உடைந்த கிளை சில வேளை உறுதியான இடத்தில் சிக்கிக்கொண்டு மீண்டும் வளர்வதுண்டு. பல வேளைகளில், அலையில் உருண்டு தானும் மாய்ந்து, தான் உரசிய பிறவற்றையும் மாய்க்கும். எனவே, இரண்டு நொடிகளில் என் கால்கள் செய்ததனைச் சரிசெய்யக் கடலுக்குச் சில ஆண்டுகள் வேண்டும். ஒருவேளை சரியாகாமலே போகவும் கூடும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் மனம் வழக்கறிஞராகி எனக்காக வாதாடத் தொடங்கியது. அதன் வாதங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் வாதம், உயிர் அச்சத்தில் செய்தது பிழையாகாது என்பது. மூச்சுத் திணறும் ஒருவன் காலூன்றுவது இயல்பு. அந்தக் கணத்தில் அவனிடம் சிந்தனையை எதிர்பார்த்தல் தகாது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. அந்த ஒரு கணத்தை மட்டும் தனியே பிரித்து எடுத்தால், நான் குற்றமற்றவனே. ஆனால், அந்தக் கணம் வானத்திலிருந்து விழுந்ததா? அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, அச்சம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கு அலை இல்லை, அச்சம் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. அந்தக் கணத்தில் நான் முழு உரிமையுடன் தேர்ந்தெடுத்தது, கேளாதிருத்தல். தீங்கு நிகழ்ந்த கணம் வேறு. தீங்கு பிறந்த கணம் வேறு. நாம் பெரும்பாலும் நிகழ்ந்த கணத்தையே நீதிமன்றத்தில் நிறுத்துகின்றோம். பிறந்த கணமோ கூண்டில் ஏறாமலே தப்பிவிடுகின்றது.

இரண்டாம் வாதம், என் பிழை மிகச் சிறிது என்பது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமுற்று, உலகின் பல பகுதிகளில் பவளங்கள் தம் பாசியை இழந்து வெளுத்தன. 2010-இல் நம் நாட்டின் தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசு சில மாதங்களுக்கு மூடவும் நேர்ந்தது. கடலையே கொதிக்க வைக்கும் உலகில், ஒருவனுடைய இரு கால்களை எண்ணி வருந்துவது மிகையன்றோ? இதற்கு விடை எந்த ஆசிரியருக்கும் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாத மாணவன், ‘வகுப்பில் பாதிப்பேர் செய்யவில்லை, ஐயா,’ என்றால் நாம் ஏற்கின்றோமா? பிறர் பிழையின் பெருமை, நம் பிழையைச் சிறியதாய்க் காட்டுமேயன்றிச் சிறியதாக்காது. மேலும், வெப்பத்தால் நலிந்த பவளத்துக்குக் காலடியைத் தாங்கும் வலிமை இன்னும் குறைவு. நோயாளியின் வீட்டில் நடப்பவன் அல்லவா மெல்ல நடத்தல் வேண்டும்?

மூன்றாம் வாதமே முதன்மையானது. தெரியாமல் செய்தேன் என்பதே அது. இதனை ஆராய நம் முன்னோர் நமக்கு இரண்டு கதைகளை வைத்துச் சென்றுள்ளனர். இரண்டும் வகுப்பில் நாம் பலமுறை சொன்னவையே. ஆனால், அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தவர் சிலரே.

ஒன்று, மனுநீதிச் சோழன் வரலாறு. திருவாரூர் வீதியில் இளவரசன் தேரேறிச் செல்கின்றான். இளங்கன்று ஒன்று, யாரும் காணாதபடி துள்ளிவந்து சக்கரத்தில் அகப்பட்டு மாய்கின்றது. இளவரசன் அதனைக் கண்டிலன், கண்டிருக்கவும் இயலாது. எனினும் அவன் நெஞ்சம் பதறுகின்றது. கழுவாய் தேட முனைகின்றான். தாய்ப்பசு அடித்த ஆராய்ச்சி மணியின் ஓசை கேட்ட மன்னனோ, தன் மகன் அறியாது செய்தான் என்பதைத் தெரிந்திருந்தும், பசுவின் துயரத்தைத் தன் துயரமாகக் கொள்கின்றான்.

மற்றொன்று, பாண்டியன் நெடுஞ்செழியன் வரலாறு. கோவலனிடம் இருந்தது தேவியின் சிலம்பன்று என்பதைப் பாண்டியனும் அறியான். அவனும் அறியாமலே பிழை செய்தான். ஆனால், அவனால் அறிந்திருக்க முடியும். சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என வினவ ஒரு சொல் போதும். அந்த ஒரு நொடியையும் ஒரு சொல்லையும் அவன் செலவிடவில்லை. உண்மை வெளிப்பட்டபோது, ‘பொற்கொல்லன் சொன்னான், நான் அறியேன்,’ என்று அவன் சொல்லவில்லை என்பதைக் கருதுதல் வேண்டும். அவ்வாறு சொல்லியிருந்தால் அது பொய்யும் ஆகாது. ஆயினும், அந்த அறியாமை தான் தேடிக்கொண்டது என்பதை உணர்ந்தான். பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு அரியணையிலேயே உயிர் நீத்தான்.

இளவரசனின் அறியாமை, தவிர்க்க இயலாதது. பாண்டியனின் அறியாமை, தவிர்த்திருக்கக்கூடியது. முன்னது துயரம், பின்னது பிழை. ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்னும் ஒரே தொடர் இரண்டையும் மூடி மறைத்துவிடுகின்றது. ஆகவே, அத்தொடரைச் சொல்லும் ஒவ்வொருவரும், தெரிந்துகொள்ள வழி இருந்ததா, அவ்வழியில் தாம் ஏன் செல்லவில்லை என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும். நான் வினவினேன். பாயார் மணலில் நான் இளவரசனல்லன், பாண்டியனே. அதிலும் தாழ்ந்தவன். பாண்டியனுக்கு உண்மையைச் சொல்வார் அருகில் இல்லை. எனக்கோ பத்தடித் தொலைவில் ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு தடை எழலாம். அவ்வாறாயின் மனிதன் எல்லாவற்றையும் அறிந்த பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டுமா? அது இயலுமா? இயலாது; வேண்டுவதும் இல்லை. நம் வீட்டில் நாம் இருட்டிலும் நடக்கலாம். பிறர் வீட்டுக்குள் நுழையும்போதுதான் விளக்கு வேண்டும். எவ்விடத்தில் நாம் விருந்தினரோ, எவ்வுயிர் நம்மிடம் முறையிட வாயற்றதோ, எத்தீங்கு திரும்பப் பெற முடியாததோ, அங்கே அறிந்துகொள்ளும் கடமை மிகுகின்றது. பவளத்திட்டு இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம். அங்கே ஆராய்ச்சி மணி இல்லை. அடிக்கத் தாய்ப்பசுவும் இல்லை. மிதித்தவனே முறையிடவும் வேண்டும்; தீர்ப்புச் சொல்லவும் வேண்டும்.

போகாமலே இருந்துவிட்டால் என்ன என்று வேறு சிலர் கேட்பர். சில வேளைகளில் அதுவே சரியான விடை. தாய்லாந்தின் மாயா விரிகுடா, வந்தோரின் மிகுதியால் நலிவுற்று, 2018-இல் மூடப்பட்டது. மூன்றாண்டுகளுக்கும் மேலான ஓய்வுக்குப் பின்னரே 2022-இல் திறக்கப்பட்டது. சபாவின் சிப்பாடான் தீவில் இருந்த விடுதிகள் 2004-இல் அகற்றப்பட்டன. அங்கு நாள்தோறும் செல்வோர் தொகைக்கும் வரம்பு கட்டப்பட்டது. ஓய்வு வேண்டும் இடத்துக்கு ஓய்வு தருதலே அன்பு. ஆயினும், எவரும் எங்கும் செல்லாதிருத்தல் முழு விடையாகாது. காணாத ஒன்றைக் காக்க மனிதர் முன்வருவது அரிது. அந்நாள்வரை என் மக்களுக்குப் பவளம் என்பது ஒன்பது மணிகளுள் ஒன்று. அந்நாளுக்குப் பின் அது உயிர். செல்வது பிழையன்று, கேளாமல் செல்வதே பிழை.

இதுவரை சொன்னதோடு கட்டுரையை முடித்துவிட்டால், நான் பாதி உண்மையையே சொன்னவனாவேன். மறுபாதி, திரும்பும் படகில் நிகழ்ந்தது. புறப்படும் முன்னர் வழிகாட்டி எங்கள் அனைவரையும் பார்த்து, யாரேனும் பவளத்தை மிதிக்கவோ உடைக்கவோ நேர்ந்ததா என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. எவ்விடம் என்று தெரிந்தால், அடுத்து வருவோரை அங்கே அழைத்துச் செல்லாதிருக்கலாம் என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் மகள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பின் கடலைப் பார்த்தாள். வழிகாட்டி முகம் மலர்ந்து எங்களுக்கு நன்றி கூறினார்.

காலையில் செய்த பிழைக்காவது ‘தெரியாது’ என்னும் போர்வை இருந்தது, கிழிந்த போர்வையாயினும். மாலையில் செய்த பிழைக்கு எப்போர்வையும் இல்லை. அது தெரிந்தே செய்தது. முதற்பிழைக்குக் காரணமான அதே செருக்கே, இரண்டாம் பிழைக்கும் காரணமாயிற்று. கேட்க மறுத்தவன், சொல்லவும் மறுத்தான். அறியாமையை நாம் தேடிக்கொள்ளும்போது, அதன் பின்னால் பொய்யும் வந்து நிற்கின்றது என்பதை அன்று கண்டேன். பவளத்துக்கு நேர்ந்த ஊறு என் கால்களால் நேர்ந்தது. என் மகளுக்கு என்மேல் இருந்த மதிப்புக்கு நேர்ந்த ஊறோ, என் வாய் திறவாமையால் நேர்ந்தது. இவற்றுள் எது முதலில் ஆறியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. இந்த ‘தெரியாது’ மட்டும் உண்மையானது.

திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் நிற்கின்றது; அதன் பின்னரே அறிவுடைமை வருகின்றது. இவ்வரிசையை நான் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். கல்லாதவர் கேட்டாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றே அதனை விளக்கியும் வந்தேன். கற்றவனுக்கும் அது தேவை என்பதும், கற்றோம் என்னும் எண்ணமே செவியை முதலில் அடைக்கும் என்பதும், கடல்நீர் மூக்கில் ஏறிய பின்னரே எனக்கு விளங்கின. தமிழில் கேள்வி என்னும் சொல், கேட்டறிதலையும் வினாவையும் ஒருங்கே குறிக்கும். கேளாதவன் வினவவும் மாட்டான். வினவாதவன், தன்னை வினவுவோருக்கு விடை சொல்லவும் அஞ்சுவான்.

அடுத்த பள்ளித் தவணையில், உயர்நிலை மாணவர்களுக்கு இந்நிகழ்ச்சியை ஒளிவின்றிச் சொன்னேன். சொல்வதற்கு முன் என் மகளிடமும் சொன்னேன். ‘அன்றைக்கே அந்த அபாங்கிடம் சொல்லியிருக்கலாம், அப்பா,’ என்றாள். அவள் சொன்னது சரியே. வகுப்பறையில் சொன்ன ஒப்புதல், படகில் சொல்லாத ஒப்புதலுக்கு ஈடாகாது. உடைந்த கிளையையும் அது ஒட்டாது. எனினும், அன்று முதல், ‘தெரியாமல் செய்துவிட்டேன், ஐயா,’ என்று ஒரு மாணவன் வந்து நின்றால், நான் அவனைக் கடிந்துகொள்வதும் இல்லை. உடனே விட்டுவிடுவதும் இல்லை. அவனை அமரச் செய்து, ‘உன்னால் தெரிந்துகொண்டிருக்க முடியுமா?’ என்று கேட்கின்றேன். சிலர் முடியாது என்பர். அவர்களைத் தேற்றி அனுப்புகின்றேன். சிலர் தலைகுனிவர். அவர்களிடம் மேற்கொண்டு ஒன்றும் சொல்வதில்லை. நானும் அவ்வாறு தலைகுனிந்து நின்றவன் என்பதை அவர்கள் அறிவார்கள்.